பூஜ்யம் வைத்திருக்கலாம்

ஆறரைக்கு நிகழ்ச்சி. ஏழுக்குப் புயல் என்றிருக்கிறார்கள்.
டுலூத் நகராட்சிப் பனிவாரி வண்டிக் கொட்டகை,
ஹீட்டருக்கு மேல் கம்பியில் கட்டிய டிவி.
சத்தம் சரியாக வராது.
கேள்வி எழுத்தில் வரும், அது போதும்.
நான் வயர்லெஸ் மேசையில்.
வண்டிகளை மேட்டுக்கு அனுப்புவது என் வேலை.
அதுவரை அவரவர் கடன்களை மறந்து
முகம் தெரியாத மூன்று பேரின் கணக்கைப் போடுவோம்.

முன்னால் நிற்பவர் பல் வைத்தியர், பதினாலாயிரத்து இருநூறு.
நடுவில் பள்ளி நூலகர், ஒன்பதாயிரத்து எண்ணூறு.
கடைசியில் கோழிப்பண்ணைக்காரன், ஆறாயிரம்.
இறுதிக் கேள்விக்குத் தலைப்பு மட்டும் போட்டார்கள்:
சொற்களின் வேர்.

"வேரா? செத்தோம்" என்றான் வெர்லின்.
வைத்தால் முழுசாக வை என்பது அவன் கொள்கை.
அந்தக் கொள்கையால்தான்
தம்பியின் காரில் வேலைக்கு வருகிறான்.

லெம்பி எதையும் எழுதிப் பார்த்துத்தான் நம்புவாள்.
உப்பு லோடு ரசீதின் முதுகில் பென்சில் ஓடியது.
"நூலகர் இரட்டித்தால் பத்தொன்பதாயிரத்து அறுநூறு.
அதற்கு மேல் ஒரு டாலர்.
ஆக வைத்தியர் வைப்பது ஐயாயிரத்து நானூற்று ஒன்று."
"அந்த ஒரு டாலர் எதுக்கு?"
"சமமாய் நிற்க யாருக்கும் பிடிக்காது, வெர்லின்."

பாவ் ஷியோங் சூப்பை ஊதிக்கொண்டிருந்தான்.
வாரத்துக்கு ஒரு வாக்கியம் அவன் கணக்கு.
"நூலகர் ஒன்றும் வைக்கக்கூடாது."
"ஒன்றுமா?"
"பூஜ்யம். வைத்தியர் தவறினால் ஒன்பதாயிரத்துக்குக் கீழே போய்விடுவார்.
நூலகர் சும்மா இருந்தாலே மேலே."
"கோழிக்காரன் இரட்டித்தால்? பன்னிரண்டாயிரம்!"
"இரட்டிக்க மாட்டான். கையைப் பார்.
பேனாவைக் குஞ்சு பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறான்."

கேள்வி வந்தது.
ரோமானியச் சிப்பாய்களோடு சேர்த்துப் பேசப்படும் பொருள்,
மாதக் கடைசியில் நீங்கள் காத்திருக்கும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

முப்பது நொடி.
வெள்ளி, என்றான் வெர்லின்.
லெம்பி இரும்பு என்றாள், பிறகு தோல் என்றாள்.
எனக்கு ரொட்டி என்று தோன்றியது, சொல்லவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கம் அறுபது டன் உப்பு
தார்ப்பாய்க்கு அடியில் குவிந்து கிடந்தது.
எங்கள் பூட்ஸ்களில் அதன் வெள்ளைக் கோடு.
பாவ் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான்,
குப்பியை எடுத்து இரண்டு குலுக்குக் குலுக்கிப்
போட்டுக்கொண்டான்.
யாருக்கும் உறைக்கவில்லை.

கோழிக்காரன் எழுதியிருந்தான்: உப்பு.
வைத்தது மூவாயிரம். ஒன்பதாயிரம் ஆனான்.
நூலகர்: ஈட்டி.
கோழிக்காரனின் பன்னிரண்டாயிரத்துக்குப் பயந்து வைத்திருந்தார்
இரண்டாயிரத்து இருநூற்று ஒன்று. போயிற்று.
வைத்தியர்: தங்கம்.
ஐயாயிரத்து நானூற்று ஒன்று, காசு பிசகாமல்
லெம்பியின் ரசீதில் இருந்தபடியே, அதுவும் போயிற்று.

இருநூற்றொரு டாலர் வித்தியாசத்தில் ஜெயித்தவனுக்கு
ஜெயித்தது தெரியவில்லை.
கூரையில் ஏதோ ஒழுகுவதுபோல்
மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்தான்.
"அடப்பாவி" என்றான், பூட்ஸிடம்.

போன் அடித்தது.
மேட்டுச் சாலையில் பேருந்து குறுக்கே நிற்கிறது.
இருபத்திரண்டு டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே.
இந்தக் குளிரில் உப்பு வேலை செய்யாது,
மணல் ஏற்றுங்கள் என்றேன்.
மூன்று எஞ்சின்கள் இருமிக் கிளம்பின.
சூப் பாதியில்.

ஏழே முக்காலுக்கு வயர்லெஸ் கரகரத்தது.
"மேட்டில் பாதி வந்துவிட்டேன்" லெம்பியின் குரல்.
"பேருந்து விலகிவிட்டது. பாவ், கேட்கிறாயா?"
"ம்."
"பூஜ்யம் வைத்திருந்தால் நூலகர்தான்."
"ம்."
குறுக்கே புகுந்தான் வெர்லின்:
"பதில் தெரிந்தவன், கையில் ஆறாயிரம் இருக்க
மூவாயிரம்தான் வைப்பானா? மனுஷனா அவன்?"

சேனலை அலுவலுக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லி
எச்சரிக்க வேண்டியவன் நான்.
பதிவேட்டில் எழுதினேன்: 7.45, மணல், மூன்று லோடு.
மீதிக்கு அதில் பத்தி இல்லை.